பழனியாண்டியின் பித்தளை

மேற்பிரிவு, மஸ்கெலியா
1979 பெப்ரவரி 11

அன்புள்ள சூசை அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். நான் சுகம். தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில்தான் இன்னும் இருக்கிறேன். உங்களுக்கு இந்தியா, எனக்கு இலங்கை என்று பிரஜாவுரிமைக் காகிதம் நம்மைப் பிரித்துப்போட்ட நாளிலிருந்து தேவை என்று ஒன்றும் உங்களிடம் கேட்டதில்லை. இப்போது கேட்கப்போகிறேன். சிரிக்கக் கூடாது.

ஹட்டனில் பாடசாலைகளுக்கெல்லாம் சேர்த்து விஞ்ஞானக் கண்காட்சி வருகிறது. தோட்டப் பாடசாலை என்றால் அவரை விதையைப் பஞ்சில் முளைக்கவைத்துக் கொண்டுவரும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நான் என் வகுப்புப் பிள்ளைகளை வைத்து மேசைமேல் மின்னல் காட்டப்போகிறேன். தெஸ்லா சுருள். ஒரு பழைய நியான் விளக்குப் பலகையின் டிரான்ஸ்போமர் கிடைத்தது. சோடாப் போத்தல்களில் உப்புத் தண்ணீர் ஊற்றி, வெளியே ஈயத்தாள் சுற்றி மின்சாரத்தைத் தேக்கிவைக்கிறேன். குழாயில் செம்புக்கம்பி சுற்றியாயிற்று.

எல்லாம் பொறி தாண்டுகிற இடத்தில்தான் கெட்டுப்போகிறது. இரண்டு ஆணியை எதிரெதிராக வைத்திருக்கிறேன். முதலில் சடசடவென்று நன்றாக அடிக்கிறது. பிறகு இடைவெளி சூடேறி, பொறி அணையாமல் மெழுகுதிரிச் சுடர்போல் நின்றுவிடுகிறது. அப்போது மின்னலும் செத்துவிடுகிறது. ஒரு தட்டின் விளிம்பில் உலோக முளைகளைப் பதித்துச் சுழற்றினால், பொறி நிலைப்பதற்கு முன் அறுந்துவிடும் என்று புத்தகம் சொல்கிறது. எதில் தட்டு, எதில் முளை, எந்த மோட்டர் என்று அது சொல்லவில்லை. நீங்கள்தான் லேத்திலேயே குடியிருப்பவர். எழுதுங்கள்.

அண்ணியிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

தங்கை,
ஐவி


அரியமங்கலம், திருச்சி
1979 மார்ச் 3

ஐவிக்கு,

சிரித்தேன். மார்கிரட்டுக்கு வாசித்துக்காட்டினேன், அவளும் கொஞ்சம் சிரித்தாள். கப்பல் இறங்கிய மண்டபம் முகாமில் மகள் பிலோவை அடக்கம் செய்ததிலிருந்து அவள் முகத்தில் அதைப் பார்ப்பது அபூர்வம். அதற்காகவே இந்த வேலையில் உனக்கு நான் கடமைப்பட்டவன்.

கவனமாகக் கேள். தட்டை மரத்தில் செய்யாதே. உங்கள் மூடுபனியில் மரம் ஈரம் குடிக்கும், ஈரத்தின் வழியாக மின்சாரம் ஓடிக் கரிக்கோடு போடும், பிறகு அந்தக் கோட்டிலேயே தீப்பிடிக்கும். கண்ணாடிபோல் இருக்கிற பிளாஸ்டிக்கும் வேண்டாம். முளை சூடானால் துளை இளகி, முளை துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். துணியை அடுக்கி இறுக்கிய பழுப்பு பேக்கலைட் பலகைதான் சரி. முளைக்குப் பித்தளை கூடாது. அதில் நாகம், இங்கே துத்தநாகம் என்கிறார்கள், கலந்திருக்கிறது. பொறி பட்டால் நாகம் முதலில் புகையாகப் போய்விடும், மிச்சம் சல்லடையாகும். டங்ஸ்டன் வேண்டும். ஆர்கன் வெல்டிங் செய்கிறவர்களிடம் குச்சி குச்சியாக இருக்கும். சூட்டுக்கு அசையாத உலோகம்.

மோட்டர் தையல் மெசின் மோட்டராக இருக்கக் கூடாது, அதன் வேகம் தலைதெறிக்கும். சாணைக்கல் மோட்டர் எடு. தட்டைச் சுற்றித் தடித்த இரும்புக் கூடு போடு. சுழலும்போது தட்டின் விளிம்புக்கு நேரே ஒருநாளும் நிற்காதே.

பலகையும் குச்சியும் நான் தேடி அனுப்புகிறேன். அதுவரை பொறு.

அண்ணன்,
சூசைரட்ணம்


மேற்பிரிவு, மஸ்கெலியா
1979 ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

பொறுக்கவில்லை. உங்கள் கடதாசி வருவதற்குள் எங்கள் தொழிற்சாலையில் மெசின் பழுதுபார்க்கிற பிட்டர் பொன்னையா மரத்தில் தட்டு கடைந்து, பித்தளையில் முளை போட்டு, சாணைக்கல் மோட்டரில் மாட்டிவிட்டார். கழித்துப்போட்ட ரோலர் மேசை ஒன்று, கொழுந்து உருட்டுகிற மேசை, ஸ்டோரில் கிடந்தது. அதன் பித்தளைப் பட்டையை அறுத்து எடுத்தாராம். மரம் நீங்கள் சொன்னபடியே கரிக்கோடு போட்டுவிட்டது. ஆனால் அண்ணா, அது ஓடுகிறபோது என்ன அழகு தெரியுமா? பொறி பச்சையாக வருகிறது. தட்டு வேகமெடுக்க வேகமெடுக்க, சடசடப்பு ஒன்றாகச் சேர்ந்து ஒரே நாதமாகிறது.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று இந்தக் கடதாசியை மூன்று நாளாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பொறி ஓடினால் பக்கத்து றேடியோக்கள் எல்லாம் இரையும். அது நமக்குத் தெரிந்ததுதான். தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து சண்டைக்கு வருவார்கள் என்று பயந்தேன். வந்தது ஒருத்திதான், அம்மாக்கண்ணு. கொழுந்து எடுக்கிறவள். அவள் புருஷன் பழனியாண்டி 77 கலவரத்தின்போது இரத்தினபுரிப் பக்கம் அக்காவைப் பார்க்கப் போனவன், திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அதனால் அவள் இன்னும் பொட்டு வைத்திருக்கிறாள்.

கூடையை இறக்காமலே வாசலில் நின்று கேட்டாள்: "டீச்சர், அந்த மெசின இன்னொருக்கா போடுவீங்களா?"

"றேடியோ கெட்டுப்போச்சா அம்மாக்கண்ணு?"

"இல்லீங்க. அதுல அவரு கூப்பிட்டாரு."

இரைச்சலில் நமக்கு வேண்டிய சொல் கேட்பதுபோல் இருக்கும் என்று விளக்கிச் சொன்னேன். தொழிற்சாலையில் மெசின்கள் ஏறி இறங்கும்போது மின்சாரம் கூடிக் குறையும், மோட்டர் வேகம் மாறும், நாதமும் பேச்சுப்போல் ஏறி இறங்கும். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டாள்.

"சரிங்க. ஆனா 'கண்ணு'ன்னு கூப்பிடுறதுக்கு முன்னால ஒருதரம் தொண்டையச் செருமுவாரு. மெசினுக்கு அது எப்பிடித் தெரியும்?"



ஐவி


அரியமங்கலம், திருச்சி
1979 மே 14

ஐவிக்கு,

இதை மார்கிரட்டுக்கு வாசித்துக்காட்டவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

நீ விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அந்த அம்மாவின் துக்கம் எனக்கும் புரிகிறது. துக்கம் எங்கே வேண்டுமானாலும் பேசும். குழாயடியில் பேசும், அடுப்பில் பேசும். அதற்கு நீ மெசின் கட்டிக்கொடுக்காதே.

பேக்கலைட் தட்டை நானே கடைந்து, துளைபோட்டு, சுழற்றிப் பாரம் சரிபார்த்திருக்கிறேன். டங்ஸ்டன் குச்சிகளைப் பழைய துணியில் சுற்றியிருக்கிறேன். நம் ஊர்க்காரர் ஒருவர் இராமேஸ்வரம் கப்பலில் வருகிறார், கொண்டுவந்து தருவார். பழைய தட்டையும் பித்தளையையும் தூக்கிப்போடு.

சூசைரட்ணம்


மேற்பிரிவு, மஸ்கெலியா
1979 ஜூலை 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் தட்டு வந்து சேர்ந்தது. டங்ஸ்டனோடு சுருள் பாடுகிறது என்றே சொல்லலாம். பொறி வெள்ளையாக, ஒழுங்காக, களைப்பில்லாமல் வருகிறது. மின்னல் ஒரு முழ நீளத்துக்கு அடிக்கிறது. கண்காட்சியில் எங்களுக்கு முதலிடம். கல்விக் கந்தோரிலிருந்து வந்த பெரிய அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அதெல்லாம் சந்தோஷம்தான்.

திரும்பிவந்து இங்கே அதை ஓடவிட்ட சாயந்தரம் அம்மாக்கண்ணு வந்தாள். றேடியோவைக் கையிலேயே தூக்கி வந்திருந்தாள்.

"இது வேற சத்தம் டீச்சர்" என்றாள். "இதுல யாருமில்ல."

அழுதிருந்தால் அனுப்பியிருப்பேன். அவள் அழவில்லை. படியில் உட்கார்ந்து றேடியோவின் தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டேயிருந்தாள். பொன்னையா என்னைத் தனியே அழைத்துப்போய் ஒன்று சொன்னார். அந்த ரோலர் மேசையில் வேலை செய்தவன் பழனியாண்டிதானாம். அவன் பேர் பதிந்து வேலைக்கு வந்த நாளிலிருந்து இரத்தினபுரிக்குப் போன நாள்வரை அதே மேசை. அந்தப் பித்தளையில் அவன் உள்ளங்கை பட்டுத் தேய்ந்த பள்ளம் இருந்ததாம். அம்மாக்கண்ணுவுக்கு அது தெரியாது. தெரியாமலேதான் முதல்நாள் வந்து கேட்டிருக்கிறாள்.

அண்ணா, உங்கள் பேக்கலைட் தட்டில் பித்தளையைத் திரும்பவும் பூட்டினேன். கோபப்படாதீர்கள், கூடு போட்டிருக்கிறேன். பொன்னையாவை சுவிட்சுக்கு விட்டுவிட்டு நான் லயத்துக்குப் போனேன். மழை தூறல். அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்குள் அடுப்புப் புகை. அவள் றேடியோவை மடியில் வைத்திருந்தாள். முதலில் இரைச்சல். பிறகு இரைச்சலுக்குள் ஒரு ஒதுக்கம், சனக்கூட்டம் விலகி ஒருத்தருக்கு வழிவிடுவதுபோல். ஒரு செருமல். பிறகு "கண்ணு".

நான் கேட்டேன். அவள் சொல்லிக்கொடுத்ததால் கேட்டேனா என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். அவள் றேடியோமேல் கையை வைத்து, "இங்கதாங்க இருக்கேன்" என்றாள், வேலை முடிந்து வந்தவனுக்குச் சொல்வதுபோல.

பொறி ஓடிமுடிந்ததும் கூட்டுக்குள் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். நாகம் எரிந்த சாம்பல் என்று எனக்குத் தெரியும். அவள் அதை விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டபோது தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐவி


அரியமங்கலம், திருச்சி
1979 ஆகஸ்ட் 20

ஐவி,

நேற்றே எழுதியிருந்தால் ஏசியிருப்பேன். 

எங்கள் பட்டறையில் ராயப்பன் என்று ஒருவர் இருந்தார். சாணைக்கல் உடைந்து கண்ணில் அடித்தது. இருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் சுவரைத் தடவிக்கொண்டு இருக்கிறார். சுழல்கிற தட்டில் கெட்ட உலோகத்தைப் பூட்டிவிட்டு நீ லயத்துக்குப் போய் றேடியோ கேட்கிறாய். பொன்னையாவுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லையா?

இன்னொன்று. நானும் இங்கே அந்தச் சுருள் மெசின் ஒன்று கட்டினேன். நம்பவில்லை என்று காட்டத்தான். பட்டறையில் கிடந்த பித்தளை, ஒரு மோட்டர், வீட்டு மேசை, பக்கத்தில் றேடியோ. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஓடவிட்டேன். வெறும் இரைச்சல். ஒன்றுமேயில்லை. நன்றாகக் காதுகொடுத்துக் கேட்டேன், ஒன்றுமில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

விஞ்ஞானம் வேண்டாம், உன் கணக்குக்கே வருகிறேன். அந்தப் பித்தளையில்தான் அவன் இருக்கிறான் என்றே வைத்துக்கொள். பித்தளை ஒவ்வொரு பொறிக்கும் கொஞ்சம் எரிந்து போகிறது. ஒவ்வொரு முறை நீங்கள் கேட்கும்போதும் கேட்ட அளவுக்கு அவன் தீர்ந்துபோகிறான். அதை அந்த அம்மாவிடம் சொன்னாயா?

சூசைரட்ணம்


மேற்பிரிவு, மஸ்கெலியா
1979 அக்டோபர் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

சொன்னேன். உங்கள் கடதாசி வந்த அன்றே சொன்னேன். தேய்ந்த முளைகளைக் கையில் கொடுத்தேன். பொன்னையா பூட்டியபோது கட்டைவிரல் நீளம் இருந்தவை பாக்குத்துண்டு அளவுக்கு வந்திருந்தன, நுனியெல்லாம் புழு அரித்ததுபோல். மேசையின் மிச்சப் பட்டைகள் பழைய இரும்போடு எப்போதோ போய்விட்டன. அவ்வளவுதான் இருந்தது.

அவள் அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். ஒரு வாரம் வரவில்லை. பிறகு வந்து அவளே கொடுத்தாள். "என்னமோ சொல்ல வர்றாரு டீச்சர். பேர மட்டும் சொல்லி நின்னுபோவுது. அத முழுசாக் கேட்டுட்டா எனக்குப் போதும்."

நான் மாட்டேன் என்றிருக்க வேண்டும். எனக்கும் கேட்க வேண்டியிருந்தது, அண்ணா. அதை உங்களிடம் மறைத்து என்ன?

மழை நாள். பாடசாலை விட்டதும் பொன்னையாவை மெசினில் நிறுத்திவிட்டு லயத்துக்கு இறங்கினேன். இந்தமுறை இரைச்சலே குறைவு. முளை சிறுத்தபின் குரல் தேயும் என்று நினைத்தேன். தெளிந்துவிட்டது. செருமினான். "கண்ணு" என்றான். பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல்:

"சுடுது கண்ணு. நிப்பாட்டச் சொல்லு."

அம்மாக்கண்ணு கத்தவில்லை. றேடியோவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தவள், மழையில் மெசின் இருந்த தொழிற்சாலை மேட்டை நோக்கி ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். வழுக்கி விழுந்து எழுந்து அங்கே போய்ச் சேர்ந்தபோது பொன்னையா சுவிட்சை அடித்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார்.

"நிப்பாட்டிட்டேன் டீச்சர். நிப்பாட்டித்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

மின்சாரத்தை நிறுத்தினாலும் தட்டு கொஞ்சநேரம் சுழலும். அது சரி. பொறி வரக் கூடாது. வந்தது. கூட்டின் இடுக்கு வழியாகப் பச்சை வெளிச்சம் விட்டுவிட்டு அடித்தது. உங்களிடம் விளக்கம் இருந்தால் எழுதாதீர்கள்.

அம்மாக்கண்ணு தோளில் கிடந்த நனைந்த கம்பளியை உருவி, கூட்டைத் திறந்து, அதை அப்படியே தட்டின்மேல் போட்டு இரண்டு கையாலும் அமுக்கினாள். கம்பளி சுருட்டிக்கொண்டு கிழிந்தது. தட்டு நின்றது. அவள் உள்ளங்கை இரண்டும் வெந்துபோயிற்று. தோட்டத்து மருந்துக்காரர் கட்டுப்போட்டார். அப்போதும் அவள் அழவில்லை. கட்டுப்போட்ட கையின் பின்புறத்தால் நெற்றிப் பொட்டைத் தேய்த்து அழித்தாள்.

"அவர எரிச்சிட்டாங்க டீச்சர்" என்றாள். "எங்கயோ ஒரு வீட்டுல வச்சு எரிச்சிருக்காங்க. நான் இத்தன நாளா அவரு எங்கயாச்சும் வேல செஞ்சுகிட்டு இருக்காருன்னு சோறு எடுத்து வச்சேன்."

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கொடுத்தவர்களெல்லாம் வேலை முடித்து வந்தபின், தப்பு அடித்து, அந்த மிச்ச முளைகளை வாழையிலையில் வைத்து எடுத்துப்போனோம். காடு எட்டி நிற்கிற மேல்மலை ஓரத்தில் தோட்டத்து மயானம். ஆள் நீளத்துக்கே குழி வெட்டச் சொன்னாள். வெட்டினார்கள். அவ்வளவு பெரிய குழிக்குள் அந்தச் சின்ன இலைப்பொட்டலம். மண் போடும்போது பெண்கள் எல்லோரும் அவரவர் ஆட்களின் பேரைச் சொல்லி அழுதார்கள். நான் நம் அப்பாவுக்காக அழுதேன் என்று நினைக்கிறேன்.

உங்கள் டங்ஸ்டனையும் தட்டையும் ஹட்டனில் ஒரு பாடசாலைக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் நன்றாக ஓட்டுகிறார்களாம். நான் போய்ப் பார்க்கவில்லை. இங்கே அம்மாக்கண்ணு வெள்ளைச் சேலையில் கொழுந்துக்குப் போகிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், இரவில் தூங்குகிறாளாம். லயத்தில் யாரும் சாயந்தரத்தில் றேடியோ போடுவதில்லை. அதுதான் எனக்குப் பழகவில்லை.

உங்கள் மேசையில் இருப்பதைக் கழற்றிவிடுங்கள், அண்ணா.

ஐவி


அரியமங்கலம், திருச்சி
1979 டிசம்பர் 2

அன்புள்ள ஐவிக்கு,

கழற்றவில்லை. ஏன் என்று எழுத இவ்வளவு நாள் ஆயிற்று.

நான் வேலைக்குப் போயிருந்தபோது மார்கிரட் உன் கடதாசிகளை எல்லாம் எடுத்து வாசித்திருக்கிறாள். கடைசிக் கடதாசி வந்த வாரம் ஒருநாள் மத்தியானம் பட்டறை வாசலில் வந்து நின்றாள். அவள் பட்டறைக்கு வந்ததே கிடையாது. கையில் பித்தளை டம்ளர். பிலோ பால் குடித்த டம்ளர். கப்பலில் ஏறும்போது நாங்கள் கொண்டுவந்த சாமான்களில் அவள் யாரையும் தொடவிடாத ஒன்று. விளிம்பில் பிள்ளையின் பல் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

"இதுல முள செஞ்சு தாங்க" என்றாள்.

பழனியாண்டி சொன்னதை அவளுக்கு நினைவுபடுத்தினேன். எல்லாம் படித்தேன் என்றாள். "ஒரே ஒருக்கா. 'அம்மா'ன்னு மட்டும். வேற ஒன்னும் கேக்க மாட்டேன்."

பட்டறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் டம்ளரை வாங்கிவிட்டேன். உருக்கி, ஊற்றி, கடைந்தேன். அந்த லேத்தில் எத்தனையோ ஆயிரம் சாமான் கடைந்திருக்கிறேன். உளி பித்தளையில் பட்டதும் வந்த சத்தத்தை உனக்கு எழுத மாட்டேன். சுருள் சுருளாக விழுந்த சீவலை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்தேன்.

வீட்டில் முளைகளைத் தட்டில் பூட்டினேன். கதவைச் சாத்தினோம். வெளியே நல்ல வெயில், தெருவில் சைக்கிள் மணி, எல்லாம் வழக்கம்போல். மார்கிரட் றேடியோவை மடியில் எடுத்துவைத்துக்கொண்டாள். நீ எழுதியிருந்த மாதிரியே அதன்மேல் ஒரு கையை வைத்தாள். மற்றக் கை சுவிட்சில். நான் தட்டின் விளிம்புக்கு நேரே நின்றுகொண்டிருந்தேன் என்பதை நானே கவனிக்கவில்லை. சுவிட்சை அவள் இன்னும் போடவில்லை.

பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "அவளுக்குச் சுடுமா?"

இரைச்சலில் ஒன்றுமில்லை, எல்லாம் மனம் செய்கிற வேலை என்று உனக்கு எழுதியவன் நான். அதையே அவளிடமும் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"சுடும்" என்றேன்.

அவள் சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள். எழுந்துபோய் உலை வைத்தாள். நாங்கள் சாப்பிட்டோம். மறுநாள் நான் வேலையிலிருந்து திரும்பியபோது மோட்டர் வயரை அவளே வெட்டி, முளைகளைக் கழற்றி, ஜன்னலோரம் ஒரு துணிமேல் வரிசையாக வைத்திருந்தாள். அங்கேதான் இருக்கின்றன. நான் எதுவும் கேட்பதில்லை.

இங்கே வெயில் உங்கள் மலைபோல் இல்லை. காலையில் அந்த ஜன்னலில் நேராக வந்து விழுகிறது. என்ன வேலையாக இருந்தாலும் மார்கிரட் எழுந்துபோய், முளைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிழலுக்கு நகர்த்திவைத்துவிட்டு வருகிறாள்.

அண்ணன்,
சூசைரட்ணம்